பெருச்சாளிக்குப் போட்ட கண்ணாடி

"இது எந்த வருஷத்துது?" என்று சந்தியாகு கேட்டார்.

மேசைமேல் அவர் கொட்டிய கண்ணாடித் துண்டுகள் பளபளவென்று கிடந்தன. பச்சை, பழுப்பு, கொஞ்சம் நீலம்.

பூரணம் அவற்றைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"எங்கன கெடந்துச்சு?"

"இந்தப் பையில."

"பைக்கு முந்தி?"

"எங்க ஊர்லதான். தரைக்கு அடியில."

"எந்தத் தரை? எம்புட்டு ஆழம்? பக்கத்துல வேற என்ன கெடந்துச்சு?"

சந்தியாகுவுக்கு எரிச்சல் வந்தது. ஐம்பத்தொன்பது வயதில் நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது?

"தங்கச்சி, வருஷம் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது அண்ணாச்சி."

பூரணத்துக்கு நாற்பத்திரண்டு வயது. பழைய பாட்டில் கடை வைத்திருந்தாள். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் அகழாய்வுக் குழிகளில் தினக்கூலிக்கு மண் சலித்தவள். படித்தவர்கள் இன்றைக்கும் ஏதாவது ஒரு கண்ணாடிச் சில்லைத் தாளில் பொதிந்துகொண்டு அவளிடம் வருவார்கள். வருஷம் கேட்பார்கள். அவள் பதிலுக்கு நாலு கேள்வி கேட்பாள். பாதிப் பேர் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

சந்தியாகு மறுபடி வந்தார். வராமல் இருக்க அவருக்கு வழி இல்லை.

அவருடைய ஊர் பனைமுனை. கடலோர மணல்மேட்டில் முப்பத்தொரு வீடுகள். அந்த மணல் தங்களுடையது என்று ஓர் உப்பளக் கம்பெனி சொன்னது. 1951-இல் வாங்கியபோது அங்கே ஒரு குடிசைகூட இல்லை, வெறும் மணல் என்று அவர்கள் பத்திரத்தில் எழுதியிருந்தது. அதற்கு முன்பே அங்கே ஆள் குடியிருந்தார்கள் என்று காட்டினால் வீடுகள் நிற்கும். காட்டாவிட்டால் இடித்துவிடுவார்கள்.

காட்டுவதற்குக் காகிதம் இல்லை. மீன் பிடிக்கப் போனவர்கள் எந்தக் காகிதத்தைச் சேர்த்து வைத்தார்கள்?

கண்ணாடி இருந்தது. பனைமுனையில் பெருச்சாளித் தொல்லை அதிகம். மணலைக் குடைந்து தரையையே பெயர்த்துவிடும். அதனால் வீட்டுக்குத் தரை போடும்போது உடைந்த பாட்டில்களை நொறுக்கி அடியில் பரப்பிவிட்டு, அதன்மேல் சுண்ணாம்பும் செம்மண்ணும் கொட்டி இடிப்பார்கள். அப்பன் செய்ததை மகனும் செய்தான். பெருச்சாளிக்காகப் போட்ட அந்தக் கண்ணாடியை விட்டால் இன்றைக்கு வேறு சாட்சி கிடையாது.

புயலில் விழுந்து கிடந்த ஆறு வீடுகளின் தரையை சந்தியாகு தானே தோண்டினார். இரண்டு சாக்கு நிறையத் துண்டுகள் கிடைத்தன. அதிலிருந்து அள்ளிய ஒரு பைதான் இப்போது மேசைமேல் இருந்தது.

"வருஷம் போட்டு ஒரு கடுதாசி குடுத்தியன்னா போதும்" என்றார். "விசாரணையில காட்டிருவேன்."

பூரணம் ஒரு பாட்டில் கழுத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டுப் பெருவிரலால தடவுங்க. ஒரு கோடு தட்டுப்படும்."

"தட்டுப்படுது."

"எதுவரைக்கும் போகுது?"

"வாய்வரைக்கும். வாய்க்கு மேலயும் ஏறுது."

இன்னொரு கழுத்தைக் கொடுத்தாள்.

"இது பாதிக் கழுத்துலயே நின்னுபோச்சே."

"மொதல்ல குடுத்தது முழுக்க மிஷின் செஞ்சது. இந்தப் பாட்டிலுக்கு வாய் வச்சது ஒரு மனுசன் கை. செஞ்ச முறையில இதுதான் முந்தி."

"எந்த வருஷம்?"

"அடுத்த செவ்வாக்கிழமை வாங்க அண்ணாச்சி."

ஆறு செவ்வாய்க்கிழமை வந்தார்.

ஒவ்வொரு தடவையும் பூரணம் தன் கடைச் சாக்கு ஒன்றை அவர் முன்னால் அவிழ்த்துக் கொட்டுவாள். பிரிக்கச் சொல்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் பிரிப்பார். அவள் அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி வந்து, தப்பாகப் போட்டதை மட்டும் எடுத்துத் திரும்பக் குவியலில் போடுவாள். வாயைத் திறக்க மாட்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு கோலிசோடா பாட்டில் துண்டு கிடைத்தது. சந்தியாகு குதிக்காத குறை.

"இது நிச்சயம் பழசு!"

"பாட்டன் காலத்துல செஞ்ச பாட்டிலைப் பேரன் காலம்வரைக்கும் ரொப்பி ரொப்பி வித்திருக்காங்க. கண்ணாடி எப்ப செஞ்சதுன்னு கண்ணாடியே சொல்லும். எப்ப ஒடைஞ்சுதுன்னு அதுக்குத் தெரியாது."

"பின்ன யாருக்குத் தெரியும்?"

பூரணம் டீ சொல்லப் போய்விட்டாள்.

அவருக்குக் களைப்பாக இருந்தது. முழங்கால் வலி வேறு. ஆனால் முழங்கால் வலிக்குத் தைலம் இருக்கிறது. தொடக்கத்தில் அவர் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது ஊரே வந்து சூழ்ந்துகொண்டு, என்ன ஆச்சு என்று கேட்டது. பிறகு நாலு பேர் கேட்டார்கள். ஐந்தாவது வாரம் யாருமே கேட்கவில்லை. பாவம், சந்தியாகு கண்ணாடி பொறுக்கப் போகிறார் என்று விட்டுவிட்டார்கள். அதுதான் அவரை வாட்டியது.

ஏழாவது செவ்வாய்க்கிழமை தன் இரண்டு சாக்குகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். கண்டக்டரிடம் பேச்சு வாங்கினார். கடைக்குள் வந்து தொப்பென்று இறக்கினார்.

"எனக்கு இத்தனை வித்தை வேண்டாம். பத்து நாள்ல விசாரணை. இன்னிக்கு நீங்க வருஷம் சொல்லுதிய. இல்லாட்டி நான் எந்திரிக்கப் போறதில்லை."

பூரணம் அவர் சாக்குகளை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். பிறகு உள்ளே போய்த் தன் கடைச் சாக்கு ஒன்றை இழுத்து வந்தாள். அதையும் அதே குவியலில் கொட்டினாள். துடுப்பு மாதிரி ஒரு பலகையால் நன்றாகக் கிளறிவிட்டாள்.

"உங்களுதை எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி."

சந்தியாகு குனிந்தார். ஒரு துண்டை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். எல்லாமே பச்சை, பழுப்பு, கொஞ்சம் நீலம். எல்லாமே பளபளவென்று இருந்தன.

அரை மணிநேரம் கழித்து நிமிர்ந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"தெரியலை."

"உங்களுக்கே தெரியலை. அதிகாரிக்கு எப்படித் தெரியும்?"

"என்னுது தரைக்கு அடியில கெடந்தது, தங்கச்சி. அதுல சுண்ணாம்பு ஒட்டி இருந்துச்சு."

"இப்ப எங்க?"

 தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டு ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவியவர் அவர்தான். போகாத சுண்ணாம்பைக் கத்தியால் சுரண்டியவரும் அவர்தான். அதிகாரி முன்னால் வைக்கிற பொருளை அழுக்கோடு வைப்பதா என்று பதினைந்து நாள் உட்கார்ந்து கழுவியிருந்தார். இரண்டு இடத்தில் கையைக்கூட வெட்டிக்கொண்டார்.

"மொத நாளே கழுவாதன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"மொத நாளே கழுவித்தானே கொண்டாந்திய."

"அப்ப இத்தனை வாரமா என்னை எதுக்கு அலையவிட்டிய?" அவர் அழுதுவிட்டார். அந்த வயதில் ஒரு மனிதர் கடையில் உட்கார்ந்து அழுவது பார்க்க நன்றாக இல்லை. பூரணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அடுத்த தரையைத் தோண்டுறதுக்கு முந்தி உங்க பெருவிரலுக்குக் கண்ணு வரட்டும்னுதான்."

"அடுத்த தரைக்கு எங்க போக? விழுந்த வீடு எல்லாம் தோண்டியாச்சு. மத்த வீட்ல எல்லாம் பழைய தரையை வெட்டி அள்ளிக் கொட்டிட்டு சிமென்ட் போட்டாச்சு."

"எல்லா வீட்லயுமா?"

சந்தியாகு தன் காலிச் சாக்குகளை எடுத்து மடித்தார்.

"என் வீட்ல போடலை" என்றார்.

பூரணம் பழைய செய்தித்தாளைக் கிழித்து ஒரு கட்டு கொடுத்தாள். ஒரு பென்சில் கொடுத்தாள்.

"கெடந்த எடத்தைத் தாள்ல எழுதுங்க. அந்தத் தாள்லயே பொதிங்க. மண்ணு போகட்டும்னு ஊதக்கூடச் செய்யாதிய. பாதித் தரைதான் தோண்டணும். நடுவுல கோடு கிழிச்சு மறுபாதியைத் தொடாம விட்டுருங்க."

"ஏன்? தோண்டுறதே தோண்டுதேன், முழுசாத் தோண்டினா இன்னும் நெறையக் கெடைக்கும்லா?"

"உங்களை நம்பாத ஒருத்தர் வருவாருல்லா. மறுபாதி அவருக்கு."

சந்தியாகுவின் மனைவி ரொசாலி கடப்பாரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"சிமென்ட் போடப் போறியளா? முப்பது வருசமாச் சொல்லுதேன், இன்னிக்குத்தான் புத்தி வந்துச்சா?"

"போடலை. தோண்டப் போறேன்."

"தோண்டி?"

"அவ்வளவுதான்."

ரொசாலி சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "வீடு நிக்கணும்னு வீட்டை இடிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கேன்" என்றாள். அழுது முடித்துவிட்டு அடுப்பையும் கட்டிலையும் மறுபாதிக்குத் தள்ளினாள். சட்டி பானைகளை அவளே எடுத்து அடுக்கினாள். அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது, ஆனால் அவரைத் தனியாகத் தோண்டவிட மனசு வரவில்லை.

நாலு விரற்கடை ஆழத்தில் கண்ணாடி தட்டுப்பட்டது. சந்தியாகு மண்ணோடு எடுத்துப் பார்த்தார். சோடா பாட்டில் துண்டு. அதன்மேல் பாதி அழிந்த பெயின்ட் எழுத்து.

அவருக்கு அந்தப் பாட்டிலைத் தெரியும். பதினோரு வயதில் அப்பா தரையைப் புதுப்பித்தபோது, அதைச் சுத்தியலால் உடைத்தது அவர்தான். உடைக்கிற சந்தோஷத்தில் நல்ல பாட்டில் இரண்டையும் சேர்த்து உடைத்துவிட்டு அடி வாங்கினார். 1976.

அவர் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை அலைந்ததற்கு இதுதானா கிடைக்க வேண்டும்? கம்பெனிக்காரன் இதைப் பார்த்தால் போதும், கேஸ் முடிந்தது. ரொசாலி அந்தப் பக்கம் திரும்பியபோது துண்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆனாலும் கை நிற்கவில்லை. இன்னும் ஒரு சாண் இறங்கினார். கடப்பாரை ணங்கென்றது.

கீழே இன்னொரு தரை இருந்தது. அப்பா பழைய தரையை வெட்டி எடுக்கவில்லை. அதன்மேலேயே மண் பரப்பிப் புதுத்தரை போட்டிருக்கிறார். சோம்பேறித்தனம் அவர்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை.

கீழ்த்தரைக்கு அடியில் நாற்பத்தொரு துண்டுகள் இருந்தன. தடித்த கண்ணாடி, உள்ளே காற்றுக் குமிழிகள். ஐந்து கழுத்துகள். சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் மண்ணோடு தடவினார். ஐந்திலும் கோடு வாய்க்குக் கீழேயே நின்றது.

எதையும் கழுவவில்லை. ஊதவும் இல்லை.

கடையில் பூரணம் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தாளில் எழுதியிருந்ததைப் படித்தாள். கழுத்துகளைத் தடவினாள். ஒட்டியிருந்த சுண்ணாம்பை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரும்பவும் பொதிந்து வைத்தாள்.

"சட்டைப்பையில என்ன?" என்றாள்.

சந்தியாகு குனிந்து பார்த்தார். பையில் ரத்தக்கறை இருந்தது. வழியில் பஸ் நெரிசலில் துண்டு நெஞ்சில் கீறியிருக்கிறது. அவர் கவனிக்கவே இல்லை.

வேறு வழியில்லாமல் எடுத்து வைத்தார்.

"இதைக் காட்டினாத் தொலைஞ்சோம், தங்கச்சி. இது 1976. என் கையால ஒடைச்சது."

"எங்கன கெடந்துச்சு?"

"மேல்தரைக்கு அடியில."

"அந்த நாப்பத்தொண்ணு?"

"கீழ்த்தரைக்கு அடியில."

"இது கீழ எறங்கியிருந்துச்சா?"

"இல்லை."

"அதுல ஒண்ணாவது மேல வந்திருந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்லை."

பூரணம் புதிதாக ஒரு தாளைக் கிழித்து அவர் பக்கம் தள்ளினாள். பென்சிலைக் கொடுத்தாள்.

சந்தியாகு பென்சிலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். தெருவில் பழக்காரர் ஒருவர் கூவிக்கொண்டு போனார். அவர் குரல் கேட்காத தூரம் போனபிறகு, சந்தியாகு "மேல்தரை" என்று எழுதினார். துண்டைப் பொதிந்து, மற்ற எல்லாப் பொட்டலங்களுக்கும் மேலே வைத்தார்.

"விசாரணைக்கு நீங்களும் வாங்க, டீச்சரம்மா."

அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நான் வந்தா எல்லாரும் என் வாயைப் பாப்பாங்க அண்ணாச்சி. தரையைப் பாக்க மாட்டாங்க."

"வருஷமாவது சொல்லலாம்லா, இப்ப?"

"நீங்க சொல்லுங்க."

அவர் யோசித்தார். "வருஷம் தெரியாது. 1976-ல எங்க அப்பா தரை போடுறப்ப, கீழ ஒரு தரை இருந்துச்சு. அந்தத் தரையைப் போட்டவங்க கையில கெடைச்ச பாட்டில்ல ஒண்ணுக்குக்கூட மிஷின் வாய் கெடையாது."

"அம்புட்டுதான் எனக்கும் தெரியும்" என்றாள் பூரணம்.

விசாரணையில் அதிகாரி பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தார். நாள் முழுக்கத் தகராறுகளைக் கேட்டுக் கேட்டு அவர் கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது.

"இதையெல்லாம் எங்கிருந்து வேண்டுமானாலும் கொண்டு வரலாம். சுண்ணாம்பைக் குழைத்துப் பூசலாம். கம்பெனி அப்படித்தான் சொல்கிறது."

"சொல்லட்டும் சார். பாதித் தரை இன்னும் இருக்கு. வந்து பாருங்க."

"அது வீடே இல்லை, சமீபத்தில் போட்ட கொட்டகை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்."

"வந்து பாருங்க சார்" என்றார் சந்தியாகு மறுபடியும். அதற்குமேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஜீப் வந்தது. முப்பத்தொரு வீட்டாரும் மணலில் நின்றார்கள்.  அதிகாரி வாசலுக்கு வந்தார். குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"கழத்தாதிய சார்" என்றாள் ரொசாலி உள்ளேயிருந்து. "உள்ள கண்ணாடி கெடக்கு. செருப்போடயே வாங்க."

அதிகாரி ஒரு நிமிஷம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

ஒரு பாதி குழியாக இருந்தது. மறுபாதியை அன்று காலையில்தான் ரொசாலி சாமான்களை எடுத்து ஒழித்துப் பெருக்கியிருந்தாள். நடுவில் சுண்ணாம்புத் தரைமேல் ஆணியால் கீறிய கோடு.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் நாங்க கை வைக்கலை" என்றார் சந்தியாகு. கடப்பாரையை எடுத்து நீட்டினார். "நீங்க தோண்டுங்க."

"நானா?"

"நான் தோண்டினா நான் போட்டு எடுத்தேம்பாங்க. எங்க வேணும்னாலும் தோண்டுங்க சார்."

அதிகாரி உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் வேறு எங்கோ பார்த்தார். அதிகாரி சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, மூலையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக் குத்தினார்.

பழக்கமில்லாத கை. கால்மணி நேரத்தில் சட்டை நனைந்துவிட்டது. சோடா பாட்டில் துண்டு ஒன்று வந்தது.

"இது புதுசுதானே?"

"ஆமா சார். சின்ன வயசுல நான் ஒடைச்சதுதான்."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடி குத்தினார். கீழ்த்தரை ணங்கென்றது. அதையும் பெயர்த்தார். கடப்பாரையை வைத்துவிட்டு முழங்காலிட்டு உட்கார்ந்து, கையாலேயே மண்ணை விலக்கினார். ஒரு பாட்டில் கழுத்து வந்தது. கழுத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு கல்லாக இறுகியிருந்தது. குழைத்துப் பூசினால் அப்படி இறுகாது. அது அவருக்கே தெரிந்தது.

வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது எந்த வருஷத்துது?" என்றார் அதிகாரி மெதுவாக. கேட்டுக்கொண்டே பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதைத் துடைக்கப் போனார்.

சந்தியாகு எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடைக்காதிய சார். எங்கன கெடந்துச்சுன்னு மொதல்ல எழுதுங்க."